ஒன்பது சட்டைக் காலர்

ஒடெஸா பிக்கெட்டுக்கு அந்த வெள்ளைக்காரப் பையன் மேல் முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது என்று பின்னால் எல்லோரும் சொன்னார்கள். பொய். வந்த மூன்றாம் நாள், தட்டில் வைத்த பன்றிக்கறித் துண்டை அவன் நைசாகக் கீரைக்கு அடியில் தள்ளி மூடினானே, அப்போதுதான் வந்தது. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? சாப்பாட்டுத் தட்டிலேயே ஒளிக்கிறவன் வேறு எதையெல்லாம் ஒளிப்பான்?

பையனுக்குப் பெயர் ஐரா லிப்ஸ்கி. நியூயார்க்கில் கல்லூரியில் படிக்கிறவன், இருபத்தோரு வயது, வெயில் பட்டால் இறால் மாதிரி சிவந்துவிடும் தோல். அறுபத்து நாலாம் வருஷக் கோடையில் கறுப்பு ஜனங்களை ஓட்டுப் பட்டியலில் சேர்க்கிறோம் என்று வடக்கிலிருந்து மிஸிஸிப்பிக்கு வந்து இறங்கிய மாணவர்களில் மூன்று பேர் டாலிவர் ஊருக்கு வந்தார்கள். அதில் ஒருவனை பாஸ்டர் ஸ்டகில் ஒடெஸாவின் தலையில் கட்டினார். வெள்ளைக்காரனைக் கறுப்பர் வீட்டில் தங்க வைப்பது லேசுப்பட்ட விஷயமில்லை. அதே மாதம்தான் இப்படி வந்த பையன்கள் மூன்று பேர் பக்கத்து மாவட்டத்தில் காரோடு காணாமல் போயிருந்தார்கள். போலீஸ் அவர்களைச் சதுப்பு நிலத்தில் துழாவிக்கொண்டிருந்தது.

ஒடெஸா சம்மதித்ததற்கு அவள் கணவன் கிளியோஃபஸ்தான் காரணம். மர அறுப்பு மில்லில் முதுகு ஒடிந்து வீட்டோடு இருக்கிறவன் அவன். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்ததே என்று பையனைக் கண்டதும் கட்டிலைத் தட்டிப் போட்டான். வீடு ஓடுவது ஒடெஸாவின் கையால். லெவிட்டன் லாண்டரியில் பதினோரு வருஷமாக இஸ்திரி போடுகிறாள். அந்த வேலை போனால் அவ்வளவுதான், இரண்டு பேரும் அவள் தங்கை வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அதனால் அவளுக்கு எதைக் கண்டாலும் முதலில் தோன்றுகிற கேள்வி ஒன்றே ஒன்று: இதனால் என் வேலைக்கு ஆபத்து வருமா?

ஐரா அவளை "மிஸஸ் பிக்கெட்" என்று கூப்பிட்டான். நாற்பத்து நாலு வயதில் ஒரு வெள்ளைக்காரன் வாயால் அவள் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. கேட்டதும் மனம் குளிர்ந்துபோனாள், மறுநிமிஷமே உஷாரானாள். இவ்வளவு மரியாதை எதற்கு? என்ன வேண்டுமாம் இவனுக்கு?

"எந்தச் சபைக்குப் போவீங்க உங்க ஊர்ல?" என்று கிளியோ ஒருநாள் கேட்டான். அந்த ஊரில் புது ஆளிடம் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். பாப்டிஸ்டா, மெத்தடிஸ்டா என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச்சே ஓடும்.

"எங்க வீட்ல கொஞ்சம் வேற மாதிரிங்க" என்றான் ஐரா. சொல்லிவிட்டுக் குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு.

அவன் அடுக்களையை விட்டுப் போனதும் ஒடெஸா கணவன் பக்கம் திரும்பினாள். "பாத்தியா?"

"என்னத்தப் பாக்கணும்? எல்லாரும் உன்ன மாதிரி ஜெபக்கூட்டத்துலயே பொறந்தாங்களா?"

"ஏசு பேரச் சொல்ல வாய் வரல பாரு அவனுக்கு."

"உனக்குப் போலீஸ்ல வேலை குடுத்திருக்கணும், ஒடெஸா" என்று கிளியோ முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சிரிக்கிற விஷயமா அது? இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் நாலு பேர் ஓட்டுப் பட்டியலில் பெயர் சேர்க்கக் கோர்ட்டு எழுத்தரிடம் போவதாக இருந்தது. போவதற்கு முதல் நாளே அதில் இரண்டு பேருக்கு வேலை போய்விட்டது. அவர்கள் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை, அதற்குள் கறுப்பர் ஓட்டுப் போடுவதே பிடிக்காத வெள்ளை முதலாளிகளுக்கு எப்படித் தெரிந்தது? பெயர் எழுதிய காகிதம் ஐராவின் தோள்பையில்தான் இருந்தது. சபையில் யாரோ ஒற்று சொல்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். யார் என்றுதான் தெரியாது. ஆளாளுக்கு அடுத்தவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது அடுத்த பட்டியலும் தயார். வருகிற திங்கட்கிழமை பதினோரு பேர் போகிறார்கள். ஏழாவது பெயர் ஒடெஸாவுடையது. அவளாகக் கொடுத்ததுதான், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கோர்ட்டில் மனு கொடுத்த பிறகு பெயரை ஊர்ப் பத்திரிகையில் போடுவார்கள், அது தெரிந்த விஷயம். அதற்குள் முதலாளி லெவிட்டனிடம் தானே பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். யாரோ முந்திக்கொண்டு கோள்மூட்டினால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

அப்படி இருக்கும்போது இந்தப் பையன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயங்காலம் ஆறரை மணிக்கு முகம் கழுவி, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, அந்தப் பையையும் மாட்டிக்கொண்டு கிளம்புகிறான். எங்கே என்று கேட்டால், "சும்மா கொஞ்சம் நடந்துட்டு வரேன்". தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் அவன் நடந்ததை எந்த வெள்ளிக்கிழமையும் யாரும் பார்க்கவில்லை. எதிர்வீட்டு ஸெட்டி அதையும் சொல்லிவிட்டாள்.

"உன் வீட்டு மாப்பிள்ள தண்டவாளம் தாண்டிப் போறாரே, யாரப் பாக்க?"

"எனக்கென்ன தெரியும்?"

"உன் சோத்தத் திங்கறான், உனக்குத் தெரியாதா? நல்லாருக்குடி."

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர் ஊர். அடுத்த வெள்ளிக்கிழமை ஒடெஸாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லாண்டரியில் அன்று மறுபடியும் லெவிட்டன் எல்லோரையும் ஐந்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மூன்று வாரமாக வெள்ளிக்கிழமை ஆனால் இதே கதை. பதினோரு வருஷத்தில் ஒருநாளும் ஆறரைக்கு முன்னால் மெஷினை நிறுத்தாத மனுஷனுக்கு இப்போது என்ன வந்தது? அன்றைக்கு அது அவள் மனதில் உறைக்கவில்லை. பையனையே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஆறரைக்கு ஐரா கிளம்பினான். ஒடெஸா ஏப்ரனை அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஒரு துணி மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். மூட்டையோடு போகிற கறுப்புப் பெண்ணை வெள்ளைக்காரத் தெருவில் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். அவன் தண்டவாளத்தைத் தாண்டினான். கடைவீதிக்குப் போகாமல் பின்சந்துக்குள் நுழைந்தான். ஒரு கதவை இரண்டு தடவை தட்டினான். கதவு திறந்தது, உள்ளே போனான், மூடிக்கொண்டது. எந்தக் கதவு என்று கிட்டப்போய்ப் பார்த்தாள். லெவிட்டன் லாண்டரியின் பின்கதவு அது. அவள் தினமும் நுழைகிற கதவு.

சரக்கறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. நீராவிக்காக எப்போதும் அரைக்கால் பங்கு திறந்திருக்கும். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அதன் வழியாகப் பார்த்தாள்.

உள்ளே பத்து ஆண்கள். எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்கள். எல்லோர் தலையிலும் தொப்பி. ஜெபமாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது, தொப்பியைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. கூரைக்குக் கீழே, கடவுள் பெயரைச் சொல்லும்போது, எந்த ஆம்பளை தலையில் தொப்பி வைத்திருப்பான்? அவளுடைய சபையில் கைக்குழந்தை தலையில் இருக்கிற குல்லாயைக்கூடக் கழற்றிவிடுவார்கள், அது ஆண்பிள்ளையாக இருந்தால். இது ஜெபமில்லை. பிறகு ஐரா மட்டும் தனியாக ஏதோ புரியாத பாஷையில் சொன்னான். நடுநடுவே மற்ற ஒன்பது பேரும் ஒரே குரலில் பதில் கொடுத்தார்கள். கடைசியில் அவன் மூன்று அடி பின்னால் நகர்ந்து, இடம் வலம் குனிந்து நிமிர்ந்தான். பக்கத்தில் நின்ற லெவிட்டன் அவன் தோளில் கை வைத்தார்.

கறுப்பர்களை அடித்துக் கொல்லும் வெள்ளை அங்கிக்காரர்கள் இப்படித்தான் ரகசியமாகக் கூடிச் சத்தியம் பண்ணுவார்கள் என்று அவள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். வேறு என்ன நினைப்பாள்?

ஒன்பது பேரையும் அவளுக்குத் தெரியும். முகம் சரியாகத் தெரியாதவர்களைக்கூடச் சட்டையை வைத்தே சொல்லிவிடுவாள். லாண்டரிக்கு வரும் ஒவ்வொரு சட்டைக் காலருக்கு உள்ளேயும் மையால் பெயர் குறித்திருக்கும், பதினோரு வருஷம் அதைப் படித்துப் படித்துத்தான் இஸ்திரி போட்டிருக்கிறாள். பதினேழரை அங்குலக் காலர், கஞ்சி அதிகம்: செருப்புக்கடை ஸீகல். நீலக்கோடு, இடது கை பட்டன் தளர்ந்தது: மருந்துக்கடை பெர்ல்மன். பருத்தி வாங்கும் அண்ணன் தம்பி இருவரும் ஒரே துணியில் தைப்பவர்கள். இப்படி ஒன்பதும்.

சனிக்கிழமை காலை முட்டையைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டாள். "நேத்து எங்க போன?"

"நடந்துட்டு வந்தேன், மிஸஸ் பிக்கெட்."

"எது வரைக்கும்?"

"சும்மா... ஆத்துப் பக்கம்."

அவன் காது மடல் சிவந்ததைப் பார்த்தாள். பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை, இவனை யார் ஒற்று வேலைக்கு எடுத்தார்கள் என்று எரிச்சல்கூட வந்தது. கிளியோவிடம் சொன்னாள். அவன் முதல்முறையாகச் சிரிக்கவில்லை. "பாஸ்டர்கிட்ட தனியாச் சொல்லு" என்றான். நல்ல யோசனைதான். அவள்தான் கேட்கவில்லை. தனியாகச் சொன்னால் மூடி மறைத்துவிடுவார்கள் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூட்டம். அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். மறுநாள் கோர்ட்டில் எப்படி நிற்பது, எழுத்தர் அதட்டினால் என்ன சொல்வது என்று ஐரா முன்னால் நின்று விளக்கிக்கொண்டிருந்தான். ஒடெஸா எழுந்தாள்.

"பாஸ்டர், நான் ஒண்ணு கேக்கணும். இந்தப் பையன் வெள்ளிக்கிழமை எங்க போறான்னு சொல்லச் சொல்லுங்க."

கூட்டத்தில் விசிறிகள் எல்லாம் அப்படியே நின்றன. பாஸ்டர் ஸ்டகில் ஐராவைப் பார்த்தார். ஐரா கதவைப் பார்த்தான்.

"அவன் சொல்ல மாட்டான். நான் சொல்றேன். லெவிட்டன் லாண்டரி பின்கட்டுல, கதவச் சாத்திக்கிட்டு, ஒன்பது வெள்ளக்காரங்களோட. தலைல தொப்பியோட நின்னு என்னமோ சத்தியம் பண்றாங்க. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"மிஸஸ் பிக்கெட்," ஐரா ஓரடி முன்னால் வந்தான், "உங்களக் கெஞ்சிக் கேக்கறேன், பேரு மட்டும் சொல்லாதீங்க. என்னப் பத்தி என்ன வேணா சொல்லுங்க. அவங்க பேரு வேணாம்."

அது போதாதா? பெயர் வெளியே வரக்கூடாது என்று பதறுகிறவன் குற்றவாளியாக இல்லாமல் வேறு யார்? ஒடெஸா நிமிர்ந்து நின்று, இஸ்திரி மேஜையில் அடுக்குகிற வரிசையிலேயே, ஒன்பது பெயரையும் சொன்னாள். ஒன்று விடவில்லை. பின்வரிசையில் யாரோ அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஐரா பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"தம்பி," என்றார் பாஸ்டர், "பதில் சொல்லித்தான் ஆகணும்."

"எங்கப்பா மார்ச் மாசம் செத்துட்டாரு" என்றான் ஐரா. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நான் யூதன். அப்பா செத்தா பதினோரு மாசத்துக்கு மகன் சொல்ல வேண்டிய ஜெபம் ஒண்ணு இருக்கு. தனியாச் சொல்ல முடியாது. எங்க ஆளுங்கள்ல பத்து ஆம்பளைங்க கூடினாத்தான் சொல்லலாம். இந்த ஊர்ல மொத்தமே ஒன்பது பேருதான். போன வருஷம் ஒரு பெரியவர் போனதுலேர்ந்து அவங்களுக்கும் பத்து சேரல. என்னோட பழகறது தெரிஞ்சா வியாபாரம் போயிடும்னு அவங்களுக்குப் பயம். ஆனாலும் கதவத் தொறந்தாங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாது, தங்கியிருக்கிற வீட்டுலகூடச் சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்கிக்கிட்டாங்க."

"தொப்பி?" என்றார் பாஸ்டர்.

"எங்களுக்குத் தலைய மூடறதுதான் மரியாதை."

பிறகு முன்வரிசைக் கிழவர் ஒருவர், "யூதன்னா, பைபிள்ல வர்ற யூதரா?" என்றார்.

"அதே ஆளுங்கதான், ஐயா."

"அட, முன்னாடியே சொல்லிருக்கலாமே" என்றார் கிழவர். ஸெட்டி பக்கத்தில் இருந்தவளிடம், "அதான் பன்னி திங்கல" என்று முணுமுணுத்தாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மூச்சு விட முடிந்த சிரிப்பு.

ஒடெஸாவால் சிரிக்க முடியவில்லை.

"இங்க கேட்டது இந்த நாலு சுவத்துக்குள்ளயே இருக்கணும்" என்றார் பாஸ்டர் ஸ்டகில். "கேக்குதா எல்லாருக்கும்?"

"ஆமென்" என்றது சபை. அறுபத்துச் சொச்சம் வாய். அதில் ஒரு வாய் பொய் சொல்கிறது என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அது யாருடைய வாய் என்று இன்றுவரை தெரியாது. ஒடெஸா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், எல்லா முகமும் யோக்கியமாகவே இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் ஐராவிடம் எப்படியோ பேச்சைத் தொடங்கப் பார்த்தாள். "நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"என் பேருன்னா சொல்லியிருப்பேன், மிஸஸ் பிக்கெட். அது அவங்க பேரு."

திங்கட்கிழமை பதினோரு பேரும் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒருவர்கூடப் பின்வாங்கவில்லை. ஒடெஸா வியர்வையில் காகிதம் ஒட்ட ஒட்டத் தன் பெயரை எழுதிக் கொடுத்தாள். எழுத்தர் அதைக் கையால் தொடாமல், பென்சிலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவளுக்கு அது உறைக்கவில்லை. மனசெல்லாம் வேறு பெயர்கள்.

புதன்கிழமை காலை கடைவீதிக் கார்கள் எல்லாவற்றிலும் கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் செருகியிருந்தது. வடக்கிலிருந்து வந்த கலகக்காரனோடு பின்கதவு வழியாக ரகசியக் கூட்டம் போடும் வியாபாரிகள் என்று தலைப்பு. கீழே ஒன்பது பெயர். ஒடெஸா சபையில் சொன்ன அதே வரிசை. வியாழக்கிழமை ஊர்ப் பத்திரிகையில் பதினோரு பேர் பெயரும் வந்தது. அந்தப் பதினோரு பேரும் யோசித்து, பயந்து, தாங்களாகவே பெயர் கொடுத்தவர்கள். ஒன்பது பேருடையதை அவர்களைக் கேட்காமல் அவள் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை லாண்டரிக்குள் நுழையும்போது வேலை போய்விட்டது என்று தெரிந்தேதான் நுழைந்தாள். உள்ளே நீராவி இல்லை. வாரக்கடைசிக்கு இருநூறு சட்டை தொங்க வேண்டிய கம்பியில் பதினைந்துகூட இல்லை. லெவிட்டன் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஷேவ் செய்யவில்லை.

"பேப்பர்ல உன் பேரப் பாத்தேன், ஒடெஸா."

"நானே சொல்லணும்னு இருந்தேன், ஐயா."

"உன்ன வேலைய விட்டு அனுப்பச் சொல்லி மூணு பேரு போன் பண்ணிட்டாங்க. முடியாதுன்னுட்டேன். இருக்கிற பதினஞ்சு சட்டைக்கு யாராவது இஸ்திரி போடணுமில்ல?" சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அந்த லிப்ஸ்கி பய பண்ண வேலையப் பாத்தியா? அப்பனுக்கு ஜெபம் சொல்லணும்னு அழுதான். பாவமேன்னு கதவத் தொறந்தேன். போய் ஊரெல்லாம் பீத்திக்கிட்டிருக்கான். ஸீகல் கடைல நேத்துலேர்ந்து ஒரு ஈ காக்கா நுழையல. பெர்ல்மன் பொண்டாட்டி புள்ளைங்கள மெம்ஃபிஸுக்கு அனுப்பிட்டான். அந்தப் பய ஆகஸ்ட்ல ஊருக்குப் போயிடுவான். நாங்க எங்க போறது?"

ஒடெஸா ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சைப் போட்டுவிட்டுப் பேசாமல் மெஷின் பக்கம் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. வேலை அவள் கையில் இருந்தது. பதினோரு வருஷ வேலை, கிளியோவின் மருந்து, வீடு, எல்லாமே அந்த முடிச்சில் இருந்தது. போட்ட முடிச்சை அவிழ்த்தாள்.

"அவன் சொல்லல, ஐயா. கடைசி வரைக்கும் சொல்லாதீங்கன்னு என்னக் கெஞ்சினான். நான்தான் சபைல சொன்னேன். ஜன்னல் வழியாப் பாத்தேன். நீங்க ஏதோ சதி பண்றீங்கன்னு நெனச்சேன்."

லெவிட்டன் கோபப்படுவார் என்று நினைத்தாள், அதுகூட வரவில்லை.

"ஒன்பது பேரையும் எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"சட்டைய வெச்சு."

அவர் எழுந்து போய்ச் சந்துப்பக்கத்து ஜன்னலை இழுத்துச் சாத்தினார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார். "ஏப்ரன ஆணில மாட்டிட்டுப் போ, ஒடெஸா."

அவள் மாட்டினாள். வாசல் வரை போனவள் திரும்பினாள். "இன்னைக்குச் சாயங்காலம் பையன் வரலாமா?"

"வரட்டும். வந்து யாரோட நிப்பான்? நாலு பேருதான் வரேன்னிருக்கோம்."

பட்டப்பகலில் அவள் வீடு திரும்புவதைக் கண்டதும் ஐரா ஓடிவந்தான். "பேப்பர்ல பேரு வந்ததாலயா? பாவிங்க. பாஸ்டர்கிட்ட சொல்லி..."

"பேப்பரால இல்ல. என் வாயால." நடந்ததைச் சொன்னாள். வளைத்துப் பேச அவளுக்குத் தெம்பு இல்லை. கடைசியாக, "நாலு பேருதான் வருவாங்களாம்" என்றாள்.

"என்னோட அஞ்சு" என்றான் ஐரா. பிறகு, "பத்து சேராம அப்பாவுக்கு உள்ள ஜெபத்தச் சொல்ல முடியாது. மத்ததச் சொல்லலாம்" என்றான்.

"அப்போ எதுக்குப் போற? ஊரே உன் மேல கண்ணா இருக்கு. சதுப்புல துழாவறாங்களே, அந்தப் பசங்கள நெனச்சுப் பாரு. போகாத."

"அந்த நாலு பேரும் பயந்துக்கிட்டுத்தானே வராங்க, மிஸஸ் பிக்கெட்."

ஆறரைக்கு முகம் கழுவி, அவள் இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையை மாட்டிக்கொண்டான். தொப்பியை வீட்டிலேயே தலையில் வைத்துக்கொண்டு இறங்கினான். பின்சந்துக்குப் போகும் குறுக்குப் பாதையை அன்று அவன் எடுக்கவில்லை. ஒளிக்க இனி என்ன இருக்கிறது? நேர் ரோட்டில் நடந்தான். எதிரே வந்த ஒரு வெள்ளை டிரக் அவன் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, பிறகு போயிற்று. இந்த வாரங்களெல்லாம் அவன் எங்கே போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்த ஒடெஸா, அன்றுதான் முதல்முறையாக அவன் திரும்பி வருகிறானா என்று பார்க்க வேலியோரம் போய் நின்றாள்.